மூன்று பேட்டர்ன் மைக்: கார்டியோயிட்டை விட்டு யாராவது சுவிட்சை அசைக்கிறீர்களா?

3 ஓகஸ்ட், இரவு 9.40 (கேள்வி, மாங்குளத்திலிருந்து)

வீட்டு முன்னறையை ஸ்டூடியோ ஆக்குகிறேன். கோயில் பாட்டு, மரண அறிவித்தல், கடை விளம்பரம், இடைக்கிடை பெடியளின் ராப். இவ்வளவுதான் வேலை. மூன்று பேட்டர்ன் (எந்தத் திசைச் சத்தத்தை எடுக்கும் என்ற நிலை) உள்ள கண்டென்சர் மைக்குக்கும் கார்டியோயிட் (முன்பக்கச் சத்தத்தையே கூடுதலாக எடுப்பது) மட்டும் உள்ளதுக்கும் விலையில் நல்ல வித்தியாசம். நான் போய்ப் பார்த்த ஸ்டூடியோக்களில் ஒருவரும் பேட்டர்ன் சுவிட்சை அசைப்பதில்லை. சிலதில் அதற்கு மேல் டேப் ஒட்டியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பேட்டர்னும் விலையைக் கூட்டுவதற்கு வைத்த படம் என்றுதான் நினைக்கிறேன். மறுத்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

3 ஓகஸ்ட், இரவு 10.15

இருக்கிறேன். டேப் ஒட்டும் காரணம் வேறு தம்பி. பாட வருகிற பிள்ளை மைக்கைத் தன் உயரத்துக்குத் திருப்புகிறேன் என்று பிடித்தால் விரல் போய்ப் படுகிற இடம் அதுதான். என்னுடையதிலும் டேப் இருக்கிறது, வேலைக்கு வேலை கழற்றி ஒட்டுவேன். கரண்ட் போய்விட்டது, போனில் தட்டுகிறேன். மிச்சம் நாளைக்கு.

4 ஓகஸ்ட், காலை 7.20

உள்ளே நடப்பது இதுதான். பெரிய டயாஃப்ரம் (சவ்வு) மைக்கின் கம்பி வலைக்குள் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு தகடு நிற்கும். அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று தங்கம் பூசிய மெல்லிய சவ்வு இரண்டு. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் கார்டியோயிட்தான், ஒன்று முன்பக்கத்துக்கு, மற்றது பின்பக்கத்துக்கு. பின் சவ்வை வேலை செய்யாமல் விட்டால் உமக்குத் தெரிந்த கார்டியோயிட். இரண்டையும் கூட்டினால் சுற்றிவர எல்லாம் கேட்கும், அது ஓம்னி. முன்னிலிருந்து பின்னைக் கழித்தால் பக்கவாட்டுச் சத்தம் இரண்டிலும் சமமாக இருப்பதால் வெட்டுப்பட்டுப் போகும், முன்னும் பின்னும் மட்டும் மிஞ்சும். வரைந்தால் 8 போல இருக்கும், அதுதான் எட்டு. பின் சவ்வுக்குக் கொடுக்கிற வோல்டேஜை மாற்றித்தான் இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்வார்கள்.

படம் என்று சொன்னீர். 1949இல் வந்த நொய்மன் கம்பனியின் யூ 47 மைக்கிலேயே கார்டியோயிட், ஓம்னி இரண்டும் இருந்தன. 1953இல் ஏகேஜி சி 12 வந்தபோது பேட்டர்னை மாற்றத் தனிப் பெட்டியே கொடுத்தார்கள், அதில் ஒன்பது நிலை. மைக்கை உயரத்தில் தொங்கவிட்டுவிட்டுக் கீழே இருந்து திருப்பலாம். 1967இல் வந்த நொய்மன் யூ 87இல் மூன்று. நாங்கள் இன்று வாங்குகிற மலிவுச் சாமான்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

4 ஓகஸ்ட், மாலை

மயில் சத்தத்துக்கு எந்தப் பேட்டர்ன் என்று கேட்ட வவுனியா அண்ணைக்கு: எதுவும் இல்லை. கூரையில் ஏறி நின்று அகவினால் பதிவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்க வேண்டியதுதான்.

6 ஓகஸ்ட், இரவு

எட்டின் அருமை எனக்கு விளங்கியது கூத்துப் பாட்டில்.

முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணாவியார் ஒருவர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பக்கத்துச் சனத்துக்குக் கோவலன் கூத்துப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தெரிந்த பாட்டுகளைப் பதிந்து வைக்கச் சொல்லி சுவிஸிலிருந்து மகன் காசு அனுப்பியிருந்தார். நான் வழமைபோல மத்தளத்தை முதலில் தனியே பதிந்து, அதை ஹெட்ஃபோனில் போட்டுக் கொடுத்துப் பாடச் சொன்னேன். ஐயா இரண்டு வரி பாடினார். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தார். "தம்பி, இதுக்குள்ள இருக்கிறவர் என்னைப் பார்க்கிறார் இல்லை" என்றார்.

சரிதானே. மத்தளக்காரர் இவர் வாயைப் பார்த்து அடியை விடுவார், இவர் அவர் கையைப் பார்த்து மூச்செடுப்பார். பிரித்தால் இரண்டும் செத்துப்போகும். இரண்டு பேரையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் பதிய வேண்டும். ஆனால் பாட்டை மத்தளத்திலிருந்து பிரித்து ஏற்றி இறக்கவும் முடிய வேண்டும்.

கார்டியோயிட்டில் முறைப்படி செய்தேன். மைக்கின் முதுகு மத்தளத்தைப் பார்க்க, ஐயா முன்னால். வலந்தலைச் (மத்தளத்தின் வலது முகம்) சத்தம் நன்றாகக் குறைந்தது. தொப்பிப் (இடது முகம்) பக்கத்துக் கும்மென்ற அடி மட்டும் அப்படியே உள்ளே வந்தது. கார்டியோயிட்டின் முதுகு எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவில் அடைபட்டிருக்காது, பெரிய டயாஃப்ரமில் கீழ்ச்சுருதிக்கு அது வலு பலவீனம். குரலை ஏற்றினால் தொப்பியும் கூடவே ஏறியது.

பிறகு எட்டில் போட்டேன். இப்போது அடைபட்ட இடம் முதுகில் இல்லை, இரண்டு விலாவிலும். மத்தளக்காரரை மைக்குக்கு நேர் பக்கத்தில், நாலைந்து அடி தள்ளி இருத்தினேன். மேலிருந்து கீழ்ச்சுருதிவரை கிட்டத்தட்ட ஒரே மாதிரி மெலிந்தது. மூன்று பேட்டர்னிலும் மிக ஆழமான செவிடு எட்டின் விலாதான்.

செய்யும் ஒழுங்கு முக்கியம். பாடுபவரை முதலில் நிறுத்தி மைக்கை அவருக்குச் சரிசெய்ய வேண்டாம். மத்தளக்காரரைத் தொப்பியில் மட்டும் அடிக்கச் சொல்லி, ஹெட்ஃபோனில் கேட்டபடியே மைக்கை விரல் விரலாகத் திருப்பும். ஓரிடத்தில் சத்தம் திடீரென்று சின்னதாகும். அங்கே ஸ்டாண்டை இறுக்கிவிட்டு, பாடுபவரைக் கொண்டுவந்து மைக்கின் முகத்துக்கு நேரே விடும். ஐயா மத்தளக்காரரைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் வாய் விலகும், அதனால் பாடுபவரின் கதிரையையே கொஞ்சம் சரித்து வைத்தேன். கண்ணால் பார்த்தால் போதும், கழுத்துத் திரும்பாது.

7 ஓகஸ்ட்

நேற்று எழுதியதில் ஒன்று விடுபட்டது. எட்டின் பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சமமாகக் கேட்கும். பின்னால் வெறும் சுவர் இருந்தால் பாட்டு அதில் பட்டுத் திரும்பி வரும். நான் பஞ்சு மெத்தையைக் கதவில் சாய்த்து வைப்பேன், அதற்கு மேல் ஒரு போர்வை. பரந்தனில் ஒரு பெடியன் முட்டை மட்டையை ஒட்டிவிட்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினான். முட்டை மட்டை முட்டைக்குத்தான் நல்லது.

7 ஓகஸ்ட், சற்றுப் பிறகு

எட்டின் பின்பக்கச் சத்தம் தலைகீழாகத்தானே வரும் என்று கேட்டவருக்கு: ஓம், தலைகீழ்ப் பொலாரிட்டியில் வரும், முன்பக்கத்தில் அலை ஏறுகிற இடத்தில் இதில் இறங்கும். ஒரே மைக் என்றால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது மைக்கும் அதே சத்தத்தைப் பிடித்தால் ஒன்றையொன்று தின்னும், குரல் மெலிந்து போகும். அப்போது ஒரு தடத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள்.

11 ஓகஸ்ட்

தகரக் கூரை பற்றி ஒட்டுசுட்டானில் இருந்து கேட்டிருக்கிறார்கள். சீலிங் அடிக்கக் காசில்லை, என்ன செய்வது?

எட்டின் செவிடு இடமும் வலமும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சவ்வின் விளிம்புத் திசை முழுவதும் செவிடுதான். மைக்கை நேராக நிமிர்த்தி வைத்தால் மேலே கூரை, கீழே நிலம், இரண்டு பக்கச் சுவர், நாலும் அந்த விளிம்புத் திசைக்குள் வரும். கார்டியோயிட்டுக்குக் கூரைப் பக்கம் 6 டெசிபல்தான் குறைவு. தகரத்தில் பட்டு நேரே இறங்கி வருகிற அந்த உலோக ஒலி எட்டில் நன்றாக அடங்கும். சீமெந்து நிலத்துக்கும் இதே கணக்கு.

மழைக்கு இது உதவாது. தகரத்தில் மழை விழுந்தால் அறை முழுவதும் நிறைந்துவிடும், எந்தத் திசை என்றே இல்லை. சோளகத்துக்குத் தகரம் ஆணியில் அடிபடும் சத்தமும் அப்படித்தான். ஆணியை இறுக்குங்கள்.

12 ஓகஸ்ட்

மரண அறிவித்தல் வாசிப்பவர்களுக்கு: கிட்டப் போகப் போகக் குரல் தடிக்கும். எட்டில் இது ஆகக் கூட, கார்டியோயிட்டில் கொஞ்சம் குறைவு. கார்டியோயிட்டில் ஒரு சாண் தூரத்தில் வாசித்துப் பழகியவர் எட்டில் அதே இடத்தில் வாசித்தால் "அன்னார்" என்ற ஒரு சொல்லிலேயே மேசை அதிரும். ஒன்றரைச் சாணுக்குப் பின்னால் வாருங்கள், 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிற சுவிட்சையும் போடுங்கள். சிலர் வேண்டுமென்றே அந்தக் கனத்துக்காக எட்டில் கிட்ட நின்று வாசிக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. செத்தவர் யார் என்று விளங்குவதற்கு முன்னால் வாசிப்பவரின் தொண்டை முன்னுக்கு வந்து நிற்கிறது.

19 ஓகஸ்ட்

ஓம்னிக்கு வருவோம். "வீட்டு அறையில் ஓம்னி போட்டால் கிணற்றுக்குள் பாடியது போல இருக்கும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி.

எங்கள் பக்கத்து வீட்டுத்திட்ட அறைகள் கிட்டத்தட்டச் சதுரம், நாலு பக்கமும் பூசிய சுவர், ஒரு கட்டில் தவிர உள்ளே ஒன்றும் இருக்காது. பத்தடிக்குப் பத்தடி என்றால் 57 ஹேர்ட்ஸ் அளவில் அறை தானே முழங்கத் தொடங்கும், பிறகு அதன் இரட்டிப்பு 114, அடுத்தது 171. நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு பக்க முழக்கமும் ஒரே இடத்தில் ஏறும். ஆண் குரலின் அடிச்சுருதி இந்த 114, 171 பக்கம்தான் உலாவுகிறது. அந்த அறையில் ஓம்னியை நாலடி தள்ளி வைத்தால் கிணறுதான்.

ஆனால் ஓம்னி என்றால் தள்ளி வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? அறைச் சத்தமும் குரலும் ஒரே விகிதத்தில் வர, கார்டியோயிட்டை ஓம்னியை விட 1.7 மடங்கு தூரத்தில் வைக்கலாம் என்பது கணக்கு. மறுபக்கமாகப் பார்த்தால் 25 சென்டிமீட்டரில் உள்ள கார்டியோயிட்டும் 15இல் உள்ள ஓம்னியும் அறையை ஒரே அளவுதான் கேட்கும். 15இல் வைத்தாலும் ஓம்னியில் குரல் தடிக்காது, 'ப' 'ம்ப' என்று வெடிப்பதும் குறைவு. பாடும்போது முன்னும் பின்னும் ஆடுகிற பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து. கார்டியோயிட்டில் அவர்கள் ஆடும்போதெல்லாம் கீழ்ச்சுருதி ஏறி இறங்கும், பிறகு அதைச் சரிப்படுத்த இரவு முழுக்க இருக்க வேண்டும்.

20 ஓகஸ்ட்

"தடிக்காது" என்று நேற்று எழுதியதற்கு ஒரு வால். ஒற்றைச் சவ்வில் செய்த அசல் ஓம்னி மைக்குக்குத்தான் அது முழுதாகப் பொருந்தும். எங்களுடையது இரண்டு கார்டியோயிட்டைக் கூட்டிச் செய்த ஓம்னி. வாயை வலையில் முட்டினால் கொஞ்சம் தடிக்கும்.

இன்னொன்று, இது காதால் கேட்டது. முறிகண்டிப் பக்கம் ஒரு கோயில் பஜனைக் குழு, பெண்பிள்ளைகள் எட்டுப் பேர். மைக்கை நடுவில் ஓம்னியில் வைத்து வட்டமாக நிற்க வைத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துப் பாடுவதால் சுருதி விலகவே இல்லை. கேட்டுப் பார்த்தால் முன்னும் பின்னும் நின்றவர்களின் 'ச', 'ஸ' பளிச்சென்று, விலாப் பக்கம் நின்றவர்களுடையது மங்கல். பெரிய சவ்வுக்கு மேல்ச்சுருதியில் ஓம்னி முழு வட்டம் இல்லை, பக்கவாட்டில் கொஞ்சம் நசுங்கிவிடும். கீச்சுக் குரல்காரர் இரண்டு பேரை விலாவுக்கு மாற்றினேன், தடித்த குரல்காரர் முன்னுக்கு. மைக்கைத் தொடவில்லை, வட்டம் சமமாகிவிட்டது.

2 செப்டெம்பர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுங்கேணிப் பக்கம் ஒரு ஆச்சி. பழைய தாலாட்டு, நாற்று நடும்போது பாடுவது, ஒப்பாரி எல்லாம் மனப்பாடம். பேத்திதான் கூப்பிட்டாள். மேசையில் மைக்கை எட்டில் வைத்து, ஆச்சி ஒரு பக்கம், கேள்வி கேட்க நான் மறுபக்கம். இரண்டு பேர் எதிரெதிரே இருந்து கதைக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, ஒரே மைக், இரண்டு குரலும் கிட்ட, பக்கத்து வீட்டு ஆடும் கோழியும் விலாவில் அடங்கிப் போகும். ஒரே தடத்தில் இரண்டு குரலும் கலந்து கிடக்கும், பிறகு பிரிக்க ஏலாது என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். என் "ம்ம்", "ஓம் ஆச்சி" எல்லாம் ஆச்சியின் அளவுக்கே பெரிதாக விழுந்திருந்தது. இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

தாலாட்டு பாடினா. நடுகைப் பாட்டு பாடினா. ஒப்பாரி என்றவுடன் கையை எடுத்துவிட்டா. "சாவில்லாத வீட்டில ஒப்பாரி வைக்கிறதே? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு." பேத்தி அப்போது ஏழு மாதம். சரி, விடுவோம் என்று சாமானைக் கட்டத் தொடங்கினேன். ஆச்சி செருப்பைப் போட்டுக்கொண்டு, "வயல் கொட்டிலுக்கு வா" என்றா.

நாலு கம்பு, மேலே கிடுகு, சுவர் இல்லை. மைக் வேலை செய்யத் தேவையான 48 வோல்ட்டைக் கை ரெக்கோர்டரில் இருந்தே கொடுத்தேன் (பற்றரியை உறிஞ்சிவிடும், உபரி கொண்டு போங்கள்). அங்கே ஓம்னியில் போட்டேன். சுவர் இல்லாவிட்டால் திரும்பி வர ஒன்றும் இல்லை, கிடுகும் சத்தத்தைக் குடித்துவிடும். ஆச்சி குந்தியிருந்து உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, மார்பில் மெல்லத் தட்டித் தட்டிப் பாடினா. கார்டியோயிட் என்றால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குரல் தடித்து மெலியும். இதில் குரலும் நின்றது, அந்தத் தட்டலும் விழுந்தது. தூரத்தில் ஒரு லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஓடுகிறது, அதுவும் இருக்கிறது. அழிக்கவில்லை.

5 செப்டெம்பர்

ஒரு மல்டி பேட்டர்ன் மைக்கால் ஸ்டீரியோ எடுக்கலாமா? எடுக்க முடியாது. நாங்கள் வாங்குகிற வகை மைக்கில் எந்தப் பேட்டர்னில் போட்டாலும் வெளியே வருவது ஒரு தடம்தான். ப்ளூ யெட்டி போன்ற யூஎஸ்பி மைக்கில் ஸ்டீரியோ நிலை இருக்கிறது, அதற்குள் ஒன்றுக்கு மேல் காப்ஸ்யூல் (சவ்வும் தகடும் சேர்ந்த பாகம்) இருப்பதால்.

இரண்டு மைக் இருந்தால் மிட்-சைட் செய்யுங்கள். ஒன்று கார்டியோயிட்டில் முன்னால் பார்க்க, அதற்கு மேலேயே மற்றது எட்டில் பக்கவாட்டாக. எட்டின் தடத்தை இரண்டாக்கி ஒன்றைத் தலைகீழாக்கி இடம் வலம் என்று விரித்தால் ஸ்டீரியோ. மோனோவில் கேட்டால் பக்கத் தடம் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், நடு மைக் மட்டும் சுத்தமாக நிற்கும். இரண்டு எட்டைச் செங்குத்தாகக் குறுக்கே வைக்கிற முறை இங்கிலாந்துப் பொறியியலாளர் அலன் புளூம்லைன் 1931இல் எழுதிய காப்புரிமை விண்ணப்பத்திலேயே இருக்கிறது.

மோனோ ஏன் முக்கியம் என்று கேட்டால், நாங்கள் செய்கிற கோயில் பாட்டு கடைசியில் எங்கே பாடுகிறது? பனையில் கட்டின ஹோர்னில்.

6 செப்டெம்பர்

"ஹோர்னில்தானே பாடப் போகிறது, பிறகு ஏன் இந்தப் பாடு?" நல்ல கேள்வி. காசு தருகிறவர் கனடாவில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிறார்.

14 ஒக்டோபர்

மாரி தொடங்கிவிட்டது, வழமையான முறைப்பாடுகளும் வந்துவிட்டன. "மைக் பொரிகிறது." எண்ணெயில் கடுகு போட்டது போல ஒரு சத்தம் என்றால் காப்ஸ்யூலில் ஈரம். சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவில் மயிர் இழை அளவு இடைவெளி, அதில் வோல்டேஜ் நிற்கிறது, ஈரம் பட்டால் கசியும். உடனே 48 வோல்ட்டை நிறுத்தி, மூடின பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத் தூள் உள்ளே போகும். ஹேர் டிரையர் பிடிக்கவே வேண்டாம்.

இதில் பேட்டர்ன் சுவிட்ச் ஒரு சோதனைக் கருவி. கார்டியோயிட்டில் அமைதி, ஓம்னியிலும் எட்டிலும் பொரிகிறது என்றால் ஈரம் பின் சவ்வில். அவசர வேலை என்றால் அன்றைக்குக் கார்டியோயிட்டில் முடித்துவிடலாம்.

பதிவு ஓடும்போது பேட்டர்னை மாற்றாதீர்கள், டொக் என்று அடிக்கும். ஸ்பீக்கரைக் குறைத்து, மாற்றி, சில விநாடி பொறுத்துப் பிறகு ஏற்றுங்கள்.

உம்மென்று தொடர்ந்து வருகிற இரைச்சல் வேறு விஷயம். அது 50, 100 ஹேர்ட்ஸ், கரண்ட் வழியில் வருவது. லப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் மைக்கில் பிழை இல்லை, வீட்டு எர்த்தைப் பார்க்க எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

22 ஒக்டோபர்

மாங்குளத்துத் தம்பி தனிமடலில் கேட்டதற்கு இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். பாவித்த மூன்று பேட்டர்ன் மைக் ஒன்று வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்கிறார்.

மரண அறிவித்தலும் கடை விளம்பரமும் மட்டும்தான் வேலை என்றால் கார்டியோயிட் ஒன்று போதும், மிச்சக் காசுக்கு நல்ல ஸ்டாண்டும் இரண்டு தடித்த போர்வையும் வாங்கும். முன்னறை என்று சொன்னீர், ஜன்னல் எத்தனை என்று சொல்லவில்லை. கோயில் பாட்டு என்று எழுதியிருந்தீர், மிருதங்கக்காரரும் பாடகரும் ஒரே அறையில் இருப்பார்கள் என்றால் மூன்று பேட்டர்னை எடும்.

வாங்கும்போது சோதிக்காமல் காசைக் கொடுக்காதேயும். ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு திறப்புக் கோர்வையைக் குலுக்கியபடி மைக்கைச் சுற்றி நடவும். கார்டியோயிட்டில் பின்னுக்குப் போனால் மங்க வேண்டும். ஓம்னியில் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். எட்டில் விலாவில் கிட்டத்தட்டக் காணாமல் போய், பின்னால் வந்தவுடன் முன்பக்க அளவுக்கே திரும்ப ஏற வேண்டும். மூன்றிலும் ஒரே மாதிரிக் கார்டியோயிட்டாகவே கேட்டால் பின் சவ்வு செத்துவிட்டது என்று பொருள். கார்டியோயிட்டிலேயே வைத்துப் பாவித்த மைக் என்றால் விற்பவருக்கே அது தெரிந்திருக்காது, அதனால் சண்டை பிடிக்காமல் விலையைப் பேசும்.

23 ஒக்டோபர்

சோதிக்கப் போகும்போது 48 வோல்ட் தருகிற உம்முடைய இன்டர்ஃபேஸையும் (மைக்கைக் கம்பியூட்டரில் இணைக்கிற பெட்டி) கேபிளையும் கொண்டு போம். "இங்க கேபிள் இல்லை, ஆனா நல்ல மைக்" என்று சொல்வார்கள்.